புறாவில் ஆண் எது, பெண் எது?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் தலையைக் கவிழ்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். "சார், எங்க ராஜா முட்டை போட்டிருச்சு. ஆண் பறவை முட்டை போட்டா வீட்டுக்கு ஆகாதாம். இன்னிக்குச் சாயந்திரம் செம்பனைக் காட்டுல விட்டுடணும்னு பாட்டி சொல்லிட்டாங்க" என்று அழுதாள்.

ராஜா என்பது அவர்கள் மூன்று ஆண்டுகளாக வளர்த்து வந்த புறா. வெளிர் தவிட்டு நிறம், பின் கழுத்தில் கறுப்பு வளையம். வாங்கிய அன்றே விற்றவர் ஆண் என்று சொன்னார். இவர்களும் ராஜா என்று பெயரிட்டுவிட்டார்கள். அன்று மாலையே நான் அந்த வீட்டுக்குப் போனேன். பாட்டியிடம், "அம்மா, ஆண் பறவை முட்டையிடவில்லை. பெண் பறவைக்கு நாம்தான் ஆண் பெயர் வைத்துவிட்டோம்" என்றேன். பாட்டி சற்று யோசித்துவிட்டு, "அப்ப ராணின்னு கூப்பிட வேண்டியதுதான்" என்றார். புறா பிழைத்தது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பறவையைக் காட்டில் விட்டிருந்தால் அதற்கு இரை தேடவும் தெரியாது, பகை அறிந்து ஒளியவும் தெரியாது. இரண்டு நாள் தாங்கியிருக்காது.

ஆண், பெண் தெரியாமல் போவது சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதனால் ஓர் உயிர் போகக்கூடும். ஆகவே இன்று, வீட்டில் வளர்க்கும் புறாக்களில் ஆண் பெண் அறிவது எப்படி, அவற்றைப் பத்திரமாகக் காப்பது எப்படி என்ற இரண்டையும் பார்ப்போம்.

நம் பக்கத்துப் புறாக்கள்

உலகில் புறாக் குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள் 300 வகைக்கு மேல் உள்ளன. நம் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் நாம் அடிக்கடி காண்பவை இரண்டு. ஒன்று, மலாய்க்காரர்கள் மெர்போக் என்று சொல்லும் வரிப்புறா. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு உடல். நீண்ட வாலையும் சேர்த்து ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். கழுத்திலும் பக்கங்களிலும் கறுப்புக் கோடுகள். கண்ணைச் சுற்றி நீலத் தோல். மற்றொன்று தெக்குக்கூர் எனப்படும் புள்ளிப்புறா. இது மெர்போக்கைவிடப் பெரியது. பின் கழுத்தில் கறுப்புப் பட்டையும் அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். மூன்றாவதாக, கடையில் வாங்கி வளர்க்கும் வளையப்புறா. ராணி அந்த இனம்.

இந்த மூன்று இனங்களிலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எல்லாப் புறாக்களும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா நம் காடுகளிலும் உண்டு. அதில் ஆணின் உச்சந்தலை சாம்பல் கலந்த வெண்மையாகவும், தோளில் வெள்ளைத் திட்டுடனும் இருக்கும்; பெண்ணின் தலை பழுப்பாக இருக்கும். நம் ஊர் அத்தி மரங்களில் கூட்டமாக வந்து பழம் தின்னும் பச்சைப்புறாவிலும் ஆணுக்குக் கழுத்து இளஞ்சிவப்பு, மார்பு ஆரஞ்சு. பெண் முழுவதும் பச்சை. இவற்றில் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். மெர்போக், தெக்குக்கூர், வளையப்புறா ஆகியவற்றில்தான் சிக்கல்.

அடையாளங்களும் அவற்றின் உறுதியும்

பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். தலை உருண்டையாக இருந்தால் பெண், தட்டையாக இருந்தால் ஆண் என்பார்கள். நூலில் மோதிரத்தைக் கட்டிப் பறவையின் மேலே பிடித்து, அது வட்டமாக ஆடினால் ஒன்று, நேராக ஆடினால் இன்னொன்று என்பார்கள். மோதிரம் ஆடுவது பிடித்திருக்கும் கையின் அசைவால்தான். தலையின் வடிவமும் ஒரே இனத்துக்குள் பறவைக்குப் பறவை மாறும். இவற்றை நம்பிப் பறவை வாங்குவது, மேகத்தைப் பார்த்து ஆற்றில் இறங்குவது போன்றது.

முதலாவது நல்ல அடையாளம், நடத்தை. ஆண் புறா தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வணங்குவது போல் ஆடி, ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒருமுறை கூவும். மெர்போக் ஆண் அப்போது வாலைத் தூக்கி விசிறி போல் விரிக்கும். பெண்ணும் கூவும், ஆனால் பெரும்பாலும் குறைவாகவும் மெதுவாகவும் கூவும். பாட்டுப் போட்டிக்கு உயரமான கம்பத்தில் கூண்டேற்றி வைக்கும் மெர்போக்குகள் ஆண்களாக இருப்பது இதனால்தான். ஆனால் கவனியுங்கள்: தனியாக இருக்கும் பெண் புறாவும், இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் அவற்றில் ஒன்றும், ஆணைப் போல் வணங்கிக் கூவுவதுண்டு. ஆகவே இது நல்ல ஊகம். முடிவான சான்று அல்ல.

இரண்டாவது அடையாளம், இடுப்பெலும்பு. வாலின் அடியில், எச்சம் வரும் துளைக்குச் சற்று முன்னால், இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் விரலுக்குத் தட்டுப்படும். ஆணில் அவை நெருங்கியும் விறைப்பாகவும் இருக்கும். முட்டையிட்ட பெண்ணில் அவை விலகி, சற்று வளைந்து கொடுக்கும். முட்டை வெளிவர வழி வேண்டுமல்லவா? ஆனால் இன்னும் முட்டையிடாத இளம் பெண்ணில் அவை ஆணைப் போலவே நெருங்கியிருக்கும். மேலும், மெர்போக் போன்ற சிறு பறவையைப் பழக்கமில்லாத கை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். புறாவின் நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு வரும். ஆகவே இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் செய்ய வேண்டாம்.

மூன்றாவது அடையாளம், அடைகாக்கும் நேரம். புறாக்களில் தாயும் தகப்பனும் முறைவைத்து அடைகாக்கின்றன. பெரும்பாலும் காலை ஒன்பது, பத்து மணிக்கு ஆண் கூட்டில் உட்காரும். மாலை நான்கு, ஐந்து மணிக்குப் பெண் வந்து மாற்றிக்கொண்டு இரவு முழுவதும் உட்காரும். பால்வெட்டுக்குப் போகிறவரும் வீட்டைப் பார்ப்பவரும் முறை மாற்றிக்கொள்வது போலத்தான். ஒரு பறவையின் காலில் சிறு அடையாள வளையம் போட்டு நாலைந்து நாள் நேரம் குறித்து வந்தால், எது எது என்று தெரிந்துவிடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கொடுங்கள். அறிவியல் என்பது இப்படிப் பார்த்துக் குறிப்பதில்தான் தொடங்குகிறது.

நான்காவது, முட்டைக் கணக்கு. புறா பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். முதல் முட்டைக்குப்பின் ஒரு நாள் இடைவிட்டு இரண்டாவது. உங்கள் கூட்டில் ஒரே வாரத்தில் நான்கு முட்டை இருந்தால், இரண்டும் பெண் என்று அறியலாம். அந்த முட்டைகள் பொரியா. மாறாக, இரண்டு பறவைகளும் ஓயாமல் கூவி, துரத்தி, கொத்திக்கொண்டு, மாதக்கணக்கில் முட்டையே இல்லையென்றால், இரண்டும் ஆண் என்று ஐயப்படலாம்.

முழு உறுதி தருபவை இரண்டே. ஒன்று, பறவை முட்டையிடுவதைக் கண்ணால் காண்பது. மற்றொன்று, இரத்தம் அல்லது பிடுங்கிய இறகு கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யும் மரபணுச் சோதனை.

மரபணு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் விந்தணு. தாயின் கருமுட்டைகள் எல்லாம் இந்த வகையில் ஒரே மாதிரி. பறவைகளில் இது தலைகீழ்; அங்கே தாயின் முட்டைதான் தீர்மானிக்கிறது. பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று மருமகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மில் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் குறையை யாராவது சொல்ல விரும்பினால், புறாக் கூண்டின் முன்னால் நின்று வேண்டுமானால் சொல்லலாம். வீட்டுக்குள் சொல்ல நியாயமே இல்லை.

தனியாக இருந்த ராணி எப்படி முட்டையிட்டது?

பாட்டி என்னைக் கேட்ட கேள்வி இது. சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடுகிறதல்லவா, அதே போலத்தான் என்றேன். ஆனால் மூன்று ஆண்டு இல்லாமல் இப்போது ஏன்? வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அந்த ஆண்டுதான் புதிதாகக் கண்ணாடி பதித்த அலமாரி வாங்கி, கூண்டுக்கு எதிரே வைத்திருந்தார்கள்.

1939ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹாரிசன் மேத்யூஸ் என்ற அறிஞர், தனியாக அடைத்த பெண் புறாக்களுக்குக் கண்ணாடியில் அவற்றின் உருவத்தையே காட்டினார். அவை முட்டையிட்டன. பின்னர் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் லேர்மன் என்பவர் வளையப்புறாக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆண் வணங்கிக் கூவுவதைப் பெண் காண்பதும் கேட்பதுமே அதன் உடலில் சுரப்பு நீர்களைத் தூண்டி, கருமுட்டையை வளரச் செய்கின்றன என்று அவர் காட்டினார். ஆகவே கண்ணும் காதும் உடலை மாற்றுகின்றன. ராணி கண்ணாடியில் ஒரு துணையைக் கண்டது, முட்டையிட்டது. அதில் சகுனம் எதுவும் இல்லை.

அடிக்கடி முட்டையிடுவது பெண்ணுக்கு நல்லதல்ல. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. தீனியில் அது போதாவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். சத்துக் குறைந்தால் முட்டை வெளிவராமல் தங்கிவிடும். பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கும். அது ஆபத்தான நிலை. கதகதப்பாக வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முட்டையைக் கையால் இழுக்கவோ உடைக்கவோ கூடாது. பெண் என்று தெரிந்திருந்தால்தானே இதை நோயென்று அறிவோம்? ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தால், ஏதோ சளி என்று மஞ்சள் நீர் கொடுத்துக்கொண்டிருப்போம்.

வருமுன் காக்க, கோழிமுட்டை ஓட்டை நன்கு கொதிக்கவைத்து, காயவைத்து, பொடித்து ஒரு சிரட்டையில் வையுங்கள். இளவெயில் காட்டுங்கள். இட்ட முட்டையை உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் மறுபடியும் இட்டுவிடும். அடைகாத்துச் சலித்துத் தானே விட்டு எழுந்தபின் எடுங்கள்.

இரண்டு ஆண்களைச் சேர்த்து அடைத்தால்

இன்னொரு மாணவனின் தகப்பனார் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி மெர்போக் வாங்கி வந்தார். ஜோடி என்று விற்றவர் சொன்னதுதான். இரண்டையும் ஒரு சிறு கூண்டில் அடைத்தார்கள். கூவலும் துரத்தலுமாக இருந்ததைக் கொஞ்சல் என்று எண்ணி வீட்டார் மகிழ்ந்தார்கள். பத்தாம் நாள் ஒன்றின் தலைத்தோல் உரிந்து இரத்தம் வடிந்தது. மறுநாள் அது செத்துக் கிடந்தது. இரண்டுமே ஆண்.

புறாவைச் சமாதானப் பறவை என்கிறோம். வெட்டவெளியில் தோற்ற புறா பறந்து போய்விடும். கூண்டில் அதற்குப் போக இடமில்லை. அதுதான் காரணம். ஆகவே புதிய பறவையை நேராகப் பழைய பறவையின் கூண்டில் விடாதீர்கள். முதல் மாதம் வேறு இடத்தில் வையுங்கள். நோய் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு இரண்டு கூண்டுகளையும் அருகருகே வைத்து நடத்தையைப் பாருங்கள். அதன்பின் இரண்டுக்கும் புதிதான பெரிய கூண்டில், நீங்கள் வீட்டிலிருக்கும் நாளில் விடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தலையில் கொத்தி விடாது துரத்தினால் உடனே பிரித்துவிடுங்கள்.

கூண்டும் காவலும்

நான் சிறுவனாக லயத்து வீட்டில் இருந்தபோது, என் தாத்தா ஒரு மெர்போக் வளர்த்தார். மூங்கில் கூண்டை இறவாணத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலை, பிரட்டுக்குக் கிளம்பிய தாத்தா கூண்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உள்ளே புறா இல்லை. ஒரு பாம்பு சுருண்டிருந்தது. மெலிந்த உடலோடு கம்பி இடுக்கில் புகுந்தது, புறாவை விழுங்கியபின் வயிறு பெருத்து வெளியே வர முடியவில்லை. தாத்தா அதற்குப்பின் புறா வளர்க்கவே இல்லை.

அன்று அரை அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள கம்பி வலையைக் கூண்டைச் சுற்றிக் கட்டியிருந்தால் போதும். பாம்பு, எலி, பூனை, மூசாங் எல்லாவற்றுக்கும் அதுவே காவல். இரவில் கூண்டை வீட்டுக்குள் எடுங்கள். தொங்கும் கயிற்றில் எண்ணெய்த் துணி சுற்றினால் எறும்பு இறங்காது. குஞ்சு இருக்கும் கூட்டை எறும்பு மொய்த்தால் அது பிழைக்காது.

இரவில் திடீர்ச் சத்தமோ ஆந்தையின் நிழலோ கண்டால் புறா மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். மங்கலான ஒரு விளக்கு எரியட்டும். மிரண்ட புறாவைப் பிடித்தால் வால் இறகுகள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். அது பகையிடமிருந்து தப்ப இயற்கை கொடுத்த வழி; இறகு மீண்டும் முளைக்கும். ஆயினும் அப்படி மிரளவைப்பது நல்லதல்ல.

புகை, மிகப் பெரிய எதிரி. டெங்கிக் காய்ச்சலைத் தடுக்கப் புகையடிக்க வரும்போது கூண்டை அந்தப் பகுதியிலிருந்தே அகற்றுங்கள். கொசுவர்த்தி, கொசு மருந்து, ஒட்டாத பூச்சுள்ள வாணலி தீய்ந்து எழும் புகை ஆகியவை பறவைக்கு நஞ்சு. ஆகவே சமையலறையில் கூண்டு வைக்கலாகாது. களைக்கொல்லி அடித்த காட்டில் புல் விதை பறித்து வந்து போடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தடை இருக்கிறது. ஆனால் மற்ற மருந்துகள் அடிக்கப்படுகின்றன. எலி மருந்து வைத்த இடத்துத் தானியமும் வேண்டாம்.

தீனியும் நீரும்

புறா விதையை உமியோடு அப்படியே விழுங்கும். அதை அரைக்கும் பல் அதன் இரைப்பையில் கிடக்கும் சிறு கல்தான். ஆகவே தினை, சாமை, உடைத்த சோளம், சிறிது பச்சைப்பயறு இவற்றோடு கழுவிய பொடிக்கல்லும் வேண்டும். வெறும் அரிசிச் சோறு போதாது. கோழியைப் போல் தலையைத் தூக்கி நீர் குடிக்காமல், அலகை மூழ்கவைத்து உறிஞ்சிக் குடிப்பது புறாவின் வழக்கம். எனவே நீர்க்கிண்ணம் அலகு மூழ்கும் ஆழமாக இருக்கட்டும்; நாள்தோறும் கழுவி மாற்றுங்கள். காட்டுப் புறாவோ கோழியோ குடித்த நீரால் தொண்டையில் மஞ்சள் கட்டி போன்ற நோய் பரவும்.

குஞ்சுக்கு முதல் சில நாட்கள் தாயும் தகப்பனும் தங்கள் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற உணவை ஊட்டுகின்றன. ஆணும் பால் ஊட்டும் அபூர்வம் இது. மழைக்காற்றில் கூட்டோடு விழுந்த குஞ்சைப் பிள்ளைகள் எடுத்து வந்து சோறு ஊட்டினால் அது பிழைக்காது. ஒரு சிறு கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிடுங்கள். தாய் தகப்பன் குரல் கேட்டு வந்து ஊட்டும்.

கழுத்து திருகிச் சுற்றுவது, மூச்சு இரைப்பது, பச்சையாகக் கழிவது ஆகியவை கண்டால் கோழிகளிடமிருந்து உடனே பிரித்து, கால்நடைத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள். கோழி நோய்களை ஆராயும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948ஆம் ஆண்டிலிருந்து நம் ஈப்போவிலேயே இருக்கிறது. உதவி எட்டாத தூரத்தில் இல்லை. காய்ந்த எச்சத்தைக் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். நீர் தெளித்து வழித்தெடுத்துக் கை கழுவுங்கள். அந்தத் தூசியால் மனிதருக்கும் நுரையீரல் நோய் வரும்.

கடைசியாக ஒன்று. காட்டில் கண்ணி வைத்துப் பிடித்த பறவையை வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பறவைகளை வளர்க்க உரிமம் வேண்டும். வாங்குமுன் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டு, ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

ராணி இன்னும் இருக்கிறது. கண்ணாடி அலமாரியை இடம் மாற்றினார்கள், முட்டையிடுவதும் குறைந்தது. அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்தில், ராணி முட்டையிட்ட நாட்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. முதல் பக்கத்தில் ராஜா என்ற பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் ராணி என்று எழுதியிருப்பவர் பாட்டிதான்.